சுண்ணாம்பு பூசத் தடையிருந்த காலத்திலும் சுவர் வெள்ளையாக இருந்தது

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பெருநாள் கிட்ட வந்தால், அல்லது ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் சரிவந்தால், நம் ஊர்களில் முதலில் எழும் பேச்சு வீட்டைப் பற்றியது. பெயின்ட் அடிக்க வேண்டும், திரைச்சீலை மாற்ற வேண்டும், ஹோலுக்கு சோபா செட் எடுக்க வேண்டும். பெண் வீட்டார் என்றால் கட்டில், அலுமாரி, டைனிங் டேபிள் என்று பட்டியல் இன்னும் நீளும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு பணவீக்கம் இறங்கியது, ஏறிய விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஆனாலும் இந்தப் பட்டியல் மட்டும் சுருங்கவே இல்லை. கையில் காசில்லாதவர்கள் தவணைக்கு எடுக்கிறார்கள், நகையை அடகு வைக்கிறார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்து போன பிறகும் கடன் போகாமல் அந்தப் புதுக் கதிரையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

அழகான வீடு என்றால் காசு செலவழித்த வீடு என்ற எண்ணம் நமக்கு எப்போது வந்தது? கண்டி, பேராதனை, உடுநுவர, தும்பர என்று நாம் வாழும் இந்தப் பகுதியின் பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், இந்தக் கேள்விக்குச் சில ஆச்சரியமான பதில்கள் கிடைக்கின்றன.

எலதெத்தவில் ஒரு கைதி

1660ஆம் ஆண்டு மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் ஓர் ஆங்கிலக் கப்பல் நங்கூரமிட்டது. கப்பல் தலைவரையும் அவரது மகன் ரொபர்ட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நொக்ஸ் 19 வருடங்களுக்கு மேல் இங்கே கைதியாக வாழ்ந்தார். சிறைக்கூடத்தில் அல்ல, கிராமங்களில், மக்களோடு மக்களாக. பேராதனைக்குத் தெற்கே உடுநுவரப் பக்கம் உள்ள எலதெத்தவில் சொந்தமாக வீடு கட்டி இருந்தார். 1679இல் தப்பிப்போய், 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி லண்டனில் வெளியிட்டார். நம் பகுதியின் சாதாரண மனிதர்களின் வீட்டுக்குள் என்ன இருந்தது என்று இவ்வளவு விபரமாக எழுதியவர்கள் அந்தக் காலத்தில் குறைவு.

அவர் சொல்வதைக் கேளுங்கள். வீடுகள் சிறியவை, தாழ்ந்தவை. தடிகளை நட்டு, களிமண் பூசி, மேலே வைக்கோலோ ஓலையோ வேய்ந்தவை. ஆனால் அந்தக் களிமண் சுவரை மிக வழுவழுப்பாக மெழுகி வைத்திருந்தார்கள். மாடி கட்டக் கூடாது. ஓடு போடக் கூடாது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசக் கூடாது. இவை வசதியில்லாததால் வந்த குறைகள் அல்ல, சட்டத்தால் வந்த தடைகள். உட்கார முதுகுச் சாய்வில்லாத ஒரு சிறு முக்காலி இருக்கலாம். முதுகுச் சாய்வுள்ள ஆசனம் மன்னனுக்கு மட்டுமே உரியது.

இப்போது நம் ஹோல்களில் இருக்கும் சோபாவை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்த மண்ணில் முதுகு சாய்ந்து உட்காருவதே அரச மரியாதை. அந்தச் சின்னத்தைத்தான் நாம் இன்று தவணை முறையில் வாங்குகிறோம்.

தடை இருந்ததென்றால் மக்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. சுண்ணாம்பு பூசத்தானே தடை? வெள்ளைக் களிமண் இருந்தது. சிலர் அதைக் குழைத்துச் சுவருக்குப் பூசினார்கள். சுவர் வெள்ளையாகிவிட்டது, சட்டமும் மீறப்படவில்லை. அந்த மண்ணுக்கு ஒரு சதமும் செலவில்லை. ஏழை வீட்டு அலங்காரத்தின் வரலாறு நமக்கு இப்படித்தான் தொடங்குகிறது. நான்கு பக்கமும் கதவடைத்த பிறகும், கையையும் மண்ணையும் கொண்டு ஒருவர் தன் வீட்டை அழகாக்கினார்.

நொக்ஸின் சொந்த வாழ்க்கையும் கைவேலையால்தான் ஓடியது. அவரும் தோழர்களும் பருத்தி நூலில் தொப்பி பின்னி ஊரூராக விற்றார்கள். பலரும் பின்னத் தொடங்கியதும் விலை விழுந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார். இன்று வீட்டிலிருந்து குரோஷே வேலை செய்து விற்கும் நம் சகோதரிகளுக்கு அந்தக் கவலை நன்றாகவே புரியும்.

தும்பரப் பாயும் தொப்பி அணிய முடியாத தலைகளும்

நொக்ஸ் தன் புத்தகத்தில் சாதிகளைப் பற்றி எழுதும்போது நல்ல பாய் நெய்யும் ஒரு சிறு கூட்டத்தைக் குறிப்பிடுகிறார். அவர்கள் தலையில் எதையும் அணியக் கூடாது என்பது அன்றைய வழக்கம். யோசித்துப் பாருங்கள். தொப்பி பின்னிப் பிழைத்த ஒரு வெளிநாட்டுக் கைதி, அதைப் போட்டுக்கொள்ளவே உரிமையில்லாத உள்நாட்டு நெசவாளரைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். கைதியை விடக் கீழே ஓர் இடம் அந்தச் சமூகத்தில் இருந்தது. அந்தச் சாதிப் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் இன்று பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். அந்தப் பெயரை மீண்டும் அவர்களின் நெற்றியில் ஒட்டுவது ஓர் ஆசிரியரின் வேலையல்ல.

அவர்களின் கலைக்கு இன்றைய பெயர் தும்பரப் பாய். குண்டசாலைப் பக்கம் ஹேனவல என்ற கிராமம்தான் அதன் தாய்வீடு. இன்றும் அங்கே சில குடும்பங்கள் நெய்கின்றன.

அதில் விலைகொடுத்து வாங்க வேண்டிய பொருள் மிகக் குறைவு. 'ஹண' என்று சிங்களத்தில் சொல்லும் நார்ச்செடியின் நீண்ட இலையை ஒரு மரக்கட்டையில் வைத்து, கூரான பலகை விளிம்பால் அழுத்தி வழிப்பார்கள். பச்சைச் சதை போய், வெள்ளை நார் மிஞ்சும். அதைக் கழுவிக் காயவைத்து, சீவி, சாயம் ஏற்றுவார்கள். பழைய முறையில் சிவப்புக்குப் பதங்கிக் கட்டை. மஞ்சளுக்கு வெனிவெல், அதாவது நம் வீடுகளில் காய்ச்சலுக்கு அவித்துக் குடிக்கும் மரமஞ்சள். கறுப்புக்குக் கடுக்காய், தான்றிக்காய் போன்றவை. பிறகு நிலத்தோடு தாழ்ந்திருக்கும் தறியில் குந்தியிருந்து நெய்வார்கள். கட்டங்களும் கோணங்களும் வளைந்தோடும் பாம்பும் பறவையும் மானும் யானையும் அதில் வரும். வரைபடம் எதுவும் இல்லை. எத்தனை நார் விட்டு எத்தனை நார் எடுப்பது என்ற கணக்கு மனதில் இருக்கும். கணிதம் படிப்பிக்கும் நமது ஆசிரியர்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தால், சமச்சீரும் கோலமும் பற்றிய பாடத்துக்கு வேறு உதாரணம் தேட மாட்டார்கள்.

இன்று தும்பர நெசவு சுவரில் தொங்குகிறது. குஷன் உறையாக, கைப்பையாக, விளக்கு மூடியாக ஹோட்டல்களை அலங்கரிக்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பாய் போன வீட்டுக்குள் அதை நெய்தவர் போக முடியாது. பொருளை உள்ளே எடுத்தோம், மனிதரை வெளியே நிறுத்தினோம். இந்த நாட்டின் கைவினை வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத வரி இது.

நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்?

முஸ்லிம்கள் இந்தக் கதைக்கு வெளியே நின்றவர்கள் அல்ல. கண்டி இராச்சியத்தில் நம் முன்னோர் பலர் 'மடிகே' என்ற போக்குவரத்துப் பிரிவில் இருந்தார்கள். மாடுகளின் முதுகில் பொதி ஏற்றிப் போகும் தவளம் அவர்களின் தொழில். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே வரும். இங்கிருந்து பாக்கும் மற்றப் பொருட்களும் கீழே போகும். மலைநாட்டு வீட்டுக்குள் புதுத்துணி ஒன்று நுழைந்தது என்றால், அதன் பின்னால் ஒரு தவளக்காரரின் பல நாள் நடை இருந்திருக்கும். துணி அவ்வளவு அரிதான பொருள். அதனால்தான் கிழிந்த துணியையும் யாரும் எறியவில்லை.

கிழக்கில் இருக்கும் நம் சொந்தங்களுக்குப் பன்பாய் இருக்கிறது. நீர் நிற்கும் இடங்களில் வளரும் பன்னை வெட்டி, காயவைத்து, சாயத்தண்ணீரில் அவித்து, பெண்கள் கையாலேயே இழைப்பார்கள். தறி கூடத் தேவையில்லை. மட்டக்களப்புப் பக்கம் முஸ்லிம் பெண்களும் தமிழ்ப் பெண்களும் பகிர்ந்துகொண்ட கலை இது. மருதமுனைக் கைத்தறியை எல்லோருக்கும் தெரியும். சாரனும் படுக்கை விரிப்பும் அங்கிருந்து நாடெங்கும் போயின. 2004 சுனாமி அந்த ஊரை அடித்தபோது தறிகளும் சேர்ந்துதான் போயின.

கல்லைத் தேடிப் போனவர் கலையைக் கண்டார்

1815இல் கண்டி ஆங்கிலேயரின் கைக்குப் போனது. மன்னனும் பிரதானிகளும் கொடுத்த ஆதரவில் வாழ்ந்த கைவினைஞர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தனித்துப்போனார்கள். 1832இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு ஒழிந்தது நியாயமே. ஆனால் அதன் இடத்தில் கைவினைக்கு வேறு ஆதரவு எதுவும் வரவில்லை. கப்பலில் ஆலைத் துணியும் மலிவுப் பாத்திரமும் வந்தன. 1882இல் கண்டிக் கலைச் சங்கம் தொடங்கப்பட்டது. கண்டி வாவிக்கரையில் இருக்கும் அந்த இடத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் அதற்குள் வாங்குபவர் மாறிவிட்டார். அயல்வீட்டுக்காகச் செய்த பொருள் உல்லாசப் பயணியின் பெட்டிக்காகச் செய்யும் பொருளாகத் தொடங்கியது.

இந்த மாற்றத்தைக் கவலையோடு பார்த்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயப் பெண்மணி. படித்தது நிலவியல். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக இருந்தபோது கல்லையும் கனிமத்தையும் தேடிக் கிராமம் கிராமமாக அலைந்தார். அப்படி அலையும்போது குயவரையும் கொல்லரையும் நெசவாளரையும் கண்டார். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். அதில் தையல் அலங்காரம் பற்றிய பகுதிக்கு உழைத்தவர் அவருடைய மனைவி எதெல். 425 பிரதிகள்தான் அச்சிட்டார்கள். ஒரு தமிழரின் மகன் சிங்களக் கிராமத்தின் கைவேலைக்காகத் தன் இளமையைச் செலவிட்டார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பிற்காலத்தில் அரசாங்கமும் சில வேலைகளைச் செய்தது. 1964இல் லக்சல வந்தது. 1982இல் தேசிய அருங்கலைகள் பேரவைக்கான சட்டம் வந்தது. மாத்தளை அளுவிகாரையில் ஈனா டி சில்வா அம்மையார் கிராமத்துப் பெண்களைக் கொண்டு பத்திக்கும் தையலும் வளர்த்தார். ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் விற்பனைக்கான கைவினை. நம் வீட்டுக்குள் நடந்த கைவினை வேறு.

ஈர்க்கும் கலண்டரும் மா மூடையும்

அதை எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. செய்தவர்கள் நம் உம்மாமாரும் மூத்தம்மாமாரும்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துணி சுலபமாகக் கிடைக்காது. கோதுமை மா வந்த துணி மூடையைச் சவர்க்காரம் போட்டு அவித்து, அதிலிருந்த எழுத்தைப் போக்கி, தலையணை உறையும் திரையும் தைத்த வீடுகள் எத்தனை! தையல்காரரிடம் வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, கட்டம் கட்டமாகச் சேர்த்துப் போர்வை தைத்தார்கள். ரேடியோவுக்கு ஒரு குரோஷே விரிப்பு. பிறகு டீவி வந்ததும் அதற்கும் ஒன்று.

கடதாசி மணித் திரை நினைவிருக்கிறதா? பழைய கலண்டர்த் தாளை நீண்ட முக்கோணங்களாக வெட்டுவார்கள். அகன்ற பக்கத்தை ஈர்க்கில் வைத்து இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே போய், கூரான நுனியில் பசை தடவி ஒட்டுவார்கள். ஈர்க்கை உருவினால் நடுவில் தடித்து இரு பக்கமும் மெலிந்த அழகான மணி வரும். வார்னிஷ் பூசிக் காயவைத்து, நூலில் கோத்து வாசலில் தொங்கவிட்டால் அதுதான் திரை. ஒரு வாசலுக்கு ஆயிரக்கணக்கில் மணி வேண்டும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து சுற்றினால்தான் முடியும். செலவு பசைக்கும் வார்னிஷுக்கும் மட்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டுமான கதையல்ல. 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவில் மா மூடைத் துணியில் பெண்கள் சட்டை தைக்கிறார்கள் என்று தெரிந்ததும், கம்பனிகளே மூடைகளில் பூப்போட்ட துணியைப் பயன்படுத்தத் தொடங்கின. அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற இடத்தில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் குளிருக்காகப் பழைய வேலைச் சட்டைகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். 2002இல் அந்தப் போர்வைகளைப் பெரிய அருங்காட்சியகங்கள் சுவரில் மாட்டின. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் காந்தாவும் இதே வகைதான். எல்லா இடத்திலும் ஒரே விதி. ஏழைப் பெண்ணின் கையில் இருக்கும்போது அது 'இல்லாமையால் செய்தது'. அருங்காட்சியகத்துக்குப் போனால் 'கலை'.

பாடசாலைக்குள் வந்து போன ஒரு பாடம்

ஆசிரியர்களான நாம் இதையும் சொல்லியாக வேண்டும். 1972இல் கல்விச் சீர்திருத்தம் ஒன்று வந்தது. அப்போது கல்வி அமைச்சர், முன்னர் கம்பளை சாஹிராவின் அதிபராக இருந்த பதியுதீன் மஹ்மூத் அவர்கள். தரப்படுத்தல் காரணமாக அவருடைய காலம் பற்றிக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. அது தனியாகப் பேச வேண்டிய விடயம். ஆனால் அந்தச் சீர்திருத்தத்தில் ஒரு நல்ல யோசனை இருந்தது. தொழிலுக்கு முன்னோடியான ஒரு பாடம். பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே நடக்கும் தொழிலைப் போய்ப் பார்த்து, அதைப் பற்றிப் படிக்க வேண்டும். குயவர் ஊர் என்றால் மட்பாண்டம், நெசவு ஊர் என்றால் நெசவு.

பெற்றோர் பலருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளையை டாக்டராக்க அனுப்பினால் பாய் இழைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டமும் போனது. அந்த வெறுப்பு வெறுமனே படிப்பைப் பற்றியதா, அல்லது கைவேலை என்றால் கீழானது என்று நொக்ஸ் காலத்திலிருந்து நம் தலைக்குள் இருக்கும் நினைப்பா? பல ஊர்களில் கைவினைஞரின் பிள்ளைகளே அந்தத் தொழிலை விட்டு ஓடுகிறார்கள். வருமானக் குறைவு ஒரு காரணம். தொழிலோடு ஒட்டி வந்த இழிவு இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தை உருவாக்கியதில் வாங்குபவர்களான நமக்கும் பங்குண்டு.

எனவே நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, கல்யாணப் பேச்சு. கைக்கூலிக்கு எதிராக மிம்பரிலும் மேடையிலும் பேசுகிறோம். ஆனால் 'வீட்டுச் சாமான்' என்ற பெயரில் அதே சுமை பெண் வீட்டாரின் தலையில் ஏறுகிறது. புது வீட்டை அலங்கரிப்பது புது மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து மெதுவாகச் செய்ய வேண்டிய காரியம். அதைக் கல்யாணத்துக்கு முன்பே லொறியில் வந்து இறங்கும் காரியமாக ஆக்காமல் இருப்போம். இஸ்ராஃப் பற்றி நமக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்" என்று வெறுமனே சொன்னால் போதாது. பெண் வீட்டார் பயந்துகொண்டு எப்படியும் வாங்குவார்கள். "நாங்கள் பழைய கட்டிலைத் திருத்திப் பூசி வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள்" என்று சொன்னால்தான் அவர்களுக்கு மூச்சு வரும்.

இரண்டாவது, ஒன்றைச் செய்து பாருங்கள். இந்த விடுமுறையில் ஒரு சுவர், ஒரு யன்னல், ஒரு மேசை போதும். வெட்டுத்துண்டுத் துணியில் குஷன் உறை தைக்கலாம். சிரட்டையை மணற்கடதாசியால் தேய்த்துத் தேங்காயெண்ணெய் பூசினால் பேனை வைக்கும் கிண்ணம். கலண்டர் மணித் திரையைப் பிள்ளைகளோடு சுற்றலாம். போன் கொஞ்ச நேரம் மேசையில் கிடக்கும்.

மூன்றாவது, வாங்குவதென்றால் நெய்தவரிடம் வாங்குங்கள். ஹேனவலவுக்குப் பேராதனையிலிருந்து போய் வர அரை நாள் போதும். விலை பேசும்போது ஒரு விடயத்தை மனதில் வையுங்கள். இலையை வழித்து, சீவி, சாயம் ஏற்றி, நெய்து முடிக்கும் வரை எத்தனை நாள் என்று கேளுங்கள். அந்த நாட்களுக்கு நம் வீட்டில் வேலை செய்யும் ஒருவருக்கு என்ன கூலி கொடுப்போம் என்று கணக்குப் போடுங்கள். பிறகு பேரம் பேச நமக்கே வாய் வராது.

நான்காவதுதான் அவசரமானது. உங்கள் வீட்டில் மூத்தம்மா இருந்தால், அவர் செய்த கைவேலை எது, யாரிடம் பழகினார், எந்தத் துணியில் செய்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். செய்து காட்டச் சொல்லி வீடியோ எடுங்கள். மண் சுவரை வெள்ளைக் களியால் மெழுகிய கைகளின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அந்தச் சுவர்கள் இருந்ததே ஒரு வெளிநாட்டுக் கைதி எழுதி வைத்ததால்தான் இவ்வளவு விபரமாகத் தெரிகிறது. நம் மூத்தம்மாமாரின் கதைக்கு இன்னொரு கைதி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு எழுதத் தெரியும், நமக்குக் கேட்கத் தெரிந்தால் போதும்.

எல்லோருடைய வீடுகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.